தாம்பரத்து வெயிலும் ஜெலட்டின் குண்டும்

மருந்துக் கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையும் பெயின்ட்பால் மைதானத்தில் பறக்கும் வண்ணக் குண்டும் ஒரே வகை இயந்திரத்தில் பிறப்பவை. சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே இரண்டு ஜெலட்டின் நாடாக்கள் இறங்கும். உருளைகளில் குடைந்த குழிகளுக்குள் அவை அழுந்துகிற அதே கணத்தில் நடுவே திரவம் பாயும். ஓரங்கள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். நிரம்பிய உருண்டை கீழே விழும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ராபர்ட் பாலி ஷெரர் 1930களில் உருவாக்கிய முறை இது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், புதுப்பாக்கத்தில், சாஃப்ட்ஜெல் மாத்திரை செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. குண்டுக்கும் மாத்திரைக்கும் உள்ளே போவதுதான் வேறு. மாத்திரையில் மருந்து; குண்டில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வழவழப்பான திரவமும் சாயமும். அந்தத் திரவம்கூட மருந்துலகத்துக்குப் புதிதல்ல. மலச்சிக்கலுக்குத் தரும் சில மருந்துகளில் இருப்பது அதே குடும்பத்துச் சேர்மம்தான்.

தாம்பரத்திலோ சேலையூரிலோ மேடவாக்கத்திலோ இருந்து முதன்முறையாகப் பெயின்ட்பால் ஆடக் கிளம்புகிறவருக்கு இந்தப் பிறப்பு வரலாறு உதவும். கையில் இருப்பது கொஞ்சப் பணம். அதை எதில் போடுவது என்று தேடத் தொடங்கினால் கண்ணைப் பறிப்பது துப்பாக்கிதான். ஆட்டக்காரர்கள் மார்க்கர் என்றோ கன் என்றோ சொல்லும் அதைத்தான் எல்லோரும் முதலில் விலை கேட்கிறார்கள். இயற்பியலும் சென்னையின் வானிலையும் சொல்லும் வரிசை தலைகீழானது. முதலில் முகமூடி, அடுத்து குண்டு, பிறகு காற்று. மார்க்கர் கடைசி.

ஏன் கடைசி என்பதற்கு விளையாட்டின் முதல் நாளே சாட்சி. 1970களில் அமெரிக்க வனத்துறையினர் மரங்களுக்குத் தூரத்திலிருந்தே குறியிடவும், பண்ணைக்காரர்கள் மந்தையில் மாடுகளை அடையாளம் வைக்கவும் நெல்ஸ்பாட் 007 என்ற கைத்துப்பாக்கி பயன்பட்டது. விற்றது நெல்சன் பெயின்ட் நிறுவனம். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் ஊர்க் காட்டுக்குள் பன்னிரண்டு பேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வேட்டையாட இறங்கினார்கள். ஹேஸ் நோயல், எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ், பாப் கர்ன்ஸி என்ற மூன்று நண்பர்களின் திட்டம் அது. காட்டில் ஒளித்து வைத்த கொடிகளை எடுத்துக்கொண்டு, அடிபடாமல் வெளியே வர வேண்டும். வென்றவர் ரிச்சி வைட் என்ற வனவியலாளர். அன்று அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எல்லோர் கையிலும் ஒரே கருவி இருந்த ஆட்டத்தை, காட்டில் சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவர் வென்றார்.

இன்று கருவிகள் ஒன்றல்ல. எளிய மார்க்கருக்கும் போட்டி ஆட்டக்காரரின் மார்க்கருக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. அப்படியும் ஒன்று மட்டும் மாறவில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகத்துக்கு விளையாட்டு உலகம் ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது: விநாடிக்கு 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். பல மைதானங்கள் இதற்கும் கீழே வைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மார்க்கரையும் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் முன்னால் சுட்டுப் பார்த்து, வரம்பைத் தாண்டினால் திருகாணியைத் திருகிக் குறைக்கிறார்கள். ஆகவே விலை எதுவானாலும் குண்டு கிளம்பும் வேகம் ஒன்றுதான்.

கிளம்பிய பிறகு அதை ஆள்வது காற்று. வழக்கமான குண்டின் குறுக்களவு 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எடை சுமார் மூன்று கிராம். குழல் வாயில் அதன் ஆற்றல் ஏறக்குறைய 12 ஜூல். இவ்வளவு பருமனுக்கு இந்த எடை மிகக் குறைவு என்பதால் காற்றுத்தடை அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்துகிறது. கணக்குப் போட்டால், 25 மீட்டர் போவதற்குள் வேகம் விநாடிக்கு 55 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 50 மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. எந்த நிறுவனத்தின் மார்க்கரும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. தூரம் கூடும் என்று சொல்லி விற்கும் நீளக் குழலும் மாற்றாது. தள்ளும் வாயு விரிந்து தன் வேலையை ஓர் அடி நீளத்துக்குள் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது உராய்வைத்தான் கூட்டும்.

அப்படியானால் கூடுதல் பணம் எதை வாங்குகிறது? விசையின் மென்மை, விநாடிக்கு விழும் குண்டுகளின் எண்ணிக்கை, குறைந்த எடை, வாயுச் சிக்கனம். நான்கும் நல்லவைதான். ஆனால் முதல் ஆண்டில் ஒளியவும் ஓடவும் பழகுகிறவருக்கு இவற்றால் பெரிய பயன் கிடையாது. விநாடிக்குப் பத்துப் பதினைந்து குண்டு கக்கும் மார்க்கர் குண்டுச் செலவையும் அதே விகிதத்தில் ஏற்றிவிடும் என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. 1998இல் வந்த டிப்மன் 98 போன்ற மார்க்கர்கள் உலகமெங்கும் வாடகை மைதானங்களில் உழைப்பதற்குக் காரணம் அவற்றின் எளிமை. விசையை இழுத்தால் வில்சுருளால் அழுத்தப்பட்ட சுத்தி விடுபட்டு வால்வைத் தட்டும். வெளிவரும் வாயுவில் ஒரு பகுதி குண்டைத் தள்ளும். மறுபகுதி சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த சுடலுக்குத் தயார் செய்யும். மின்னணுப் பலகை இல்லை, பேட்டரி இல்லை. தூசியையும் வியர்வையையும் அது தாங்கும்.

இனி முகமூடி. இங்கே சிக்கனத்துக்கு இடமே இல்லை.

கிரிக்கெட் பந்தின் குறுக்களவு சுமார் 72 மில்லிமீட்டர். அது முகத்தில் பட்டால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். கண்குழியின் வாய் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அகலம். விழிக்கோளம் 24 மில்லிமீட்டர். 17 மில்லிமீட்டர் குண்டு எலும்பு எதையும் தொடாமல் நேராக விழியில் போய் மோதும். விழிக்குள் ரத்தம் கசிவது, லென்ஸ் இடம் பெயர்வது, விழித்திரை கிழிவது என்று கண் மருத்துவ இதழ்கள் பதிவு செய்த காயங்களில் மிகப் பெரும்பாலானவை முகமூடி போடாத நேரத்தில் நடந்தவை. ஆட்டம் முடிந்துவிட்டதென்று கழற்றியபோது, பனி படிந்த கண்ணாடியைத் துடைக்கத் தூக்கியபோது, வீட்டு வாசலில் விளையாட்டாகச் சுட்டபோது.

இதற்கென்று ஒரு தரநிலை இருக்கிறது: ஏஎஸ்டிஎம் எஃப்1776. பெயின்ட்பால் குண்டின் அடியைத் தாங்குகிறதா என்று சோதித்த முகமூடிகளில் இந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். நீச்சல் கண்ணாடி, வெல்டிங் கடைக் கண்ணாடி, பைக் ஹெல்மெட்டின் முன்தகடு எதுவும் இதற்கு மாற்றாகாது. வாங்கும்போது எண் இருக்கிறதா, காதும் தாடையும் மூடுகிறதா, குனிந்து ஓடினாலும் பட்டை நழுவாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதையும் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

பார்வைத் தகடு பாலிகார்பனேட்டால் ஆனது. 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், கிட்டத்தட்ட அதே சமயம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டடைந்த பிளாஸ்டிக் அது. கண்ணாடி உடையும் இடத்தில் இது வளைந்து கொடுத்து அடியின் ஆற்றலை உள்வாங்கும். ஆனால் இதற்குப் பலவீனங்கள் உண்டு. அசிட்டோன், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை பட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும் பழைய தகடு அடுத்த அடியில் பிளந்துவிடலாம். ஆகவே யாரோ பயன்படுத்திய முகமூடியை வாங்கினால் தகட்டை மட்டுமாவது புதிதாக மாற்ற வேண்டும். துடைக்க வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

பனி படிவதைப் பற்றிச் சென்னைக்காரர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு: வெயிலில்தான் கண்ணாடி மங்கும் என்று. மூச்சுக்காற்று ஏறக்குறைய 34 டிகிரியில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. அதைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் அந்த ஈரம் துளியாகப் படியும். மே மாதப் பகலில் மீனம்பாக்கத்தின் சராசரி உச்ச வெப்பம் 37, 38 டிகிரி என்பதால் அப்போது தகடே மூச்சைவிடச் சூடாக இருக்கும். வழிவது வியர்வைதான். உண்மையான தொல்லை மார்கழிக் காலையிலும், ஐப்பசி கார்த்திகை மழை விட்ட வேளையிலும். அப்போது தகடு 22, 23 டிகிரியில் குளிர்ந்திருக்கும்; நான்கு முறை மூச்சு விட்டால் எதிரே எதுவும் தெரியாது. கை தன்னால் முகமூடியைத் தூக்கப் போகும். மேலே சொன்ன காயங்கள் நடக்கும் தருணம் அதுதான். இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றை அடைத்து வைத்த ‘தெர்மல்’ தகட்டில், நடுக்காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாததால் உள்தகடு முகத்தின் சூட்டிலேயே இருக்கும். ஈரம் படிவது வெகுவாகக் குறையும். ஒற்றைத் தகட்டைவிட இதற்கு விலை அதிகம். இந்தப் பட்டியலில் கூடுதல் காசு கொடுக்கத் தகுதியான பொருள் ஒன்று உண்டென்றால் இதுவே.

குண்டுக்கு வருவோம். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தை நீரில் சிதைத்து எடுப்பது. குரோம் லெதர் ஆலை இருந்த குரோம்பேட்டைக்கும், தோல் பதனிடும் தொழில் தலைமுறைகளாக நடந்த பல்லாவரத்துக்கும் கொலாஜன் பழைய அறிமுகம். தோல் பதனிடுவதென்பதே அந்தப் புரதத்தை அழுகாமல் நிலைநிறுத்தும் வேலைதான். ஜெலட்டினில் நடப்பது நேர் எதிர். முறுக்கிய மூன்று இழைகள் பிரிந்து, நீருக்கு ஏங்கும் நிலையில் நிற்கின்றன. காற்றில் ஈரம் கிடைத்தால் உறிஞ்சிக்கொள்ளும், வறண்டால் விட்டுவிடும். ஜெலட்டின் கூடுள்ள மருந்துகளைக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

வங்கக் கடலிலிருந்து வீசும் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. திறந்து வைத்த குண்டுப் பை தாம்பரம் வீட்டில் சில நாள் கிடந்தால் குண்டுகள் உப்பும், கூடு மென்மையாகும், ஒன்றோடொன்று ஒட்டும், ஒரே பக்கமாகக் கிடந்து தட்டையாகும். உப்பிய குண்டு குழலுக்குள் இறுகி அங்கேயே உடையும். தட்டையான குண்டு நேராகப் பறக்காது. இவை எரிச்சல்தான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உடைய வேண்டிய குண்டு உடையாமல் துள்ளித் திரும்பினால், உடலுக்கு அது கடத்தும் உந்தம் கூடுகிறது. முன்னோக்கி வந்த வேகத்தை நிறுத்துவதோடு, பின்னோக்கிப் போகும் வேகத்தையும் உடல்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. உடையும் குண்டிலோ ஆற்றலின் ஒரு பகுதி கூட்டைக் கிழிப்பதிலும் வண்ணத்தைச் சிதறடிப்பதிலும் செலவாகிவிடும். பழைய மலிவுக் குண்டு அதிகம் வலிப்பதற்குக் காரணம் இது.

வாங்குமுன் ஒரு குண்டைத் தோள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழவிட்டுப் பார்க்கலாம். நல்ல குண்டு ஓரிரு துள்ளலில் உடையும். துள்ளிக்கொண்டே போனால் வேண்டாம். குண்டுகள் பொதுவாக 2,000 அடங்கிய பெட்டிகளாக வருகின்றன. விலை குறைகிறதென்று பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்குவது இந்த ஊருக்குப் பொருந்தாத சிக்கனம். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குவதே லாபம். மிச்சமானதைக் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத அறையில் வைத்து, அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்த உடனே அதன்மேல் நீர் படியும்.

சிறுவர்களுக்கும் வலிக்கு அஞ்சுபவர்களுக்கும் 0.50 அங்குலக் குண்டு உண்டு. எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதே வேகத்திலும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்து ஜூல்தான் இருக்கும். காற்று இதை இன்னும் விரைவில் தடுத்துவிடும் என்பதால் தூரம் குறைவு. பத்து வயதுப் பிள்ளையின் முதல் ஆட்டத்துக்கு அந்தக் குறை ஒரு நன்மை.

மூன்றாவது, காற்று. மார்க்கரைச் செலுத்த இரண்டு வழிகள்: கார்பன் டைஆக்சைடு, அல்லது அழுத்திய காற்று. முதலாவதற்கான சிலிண்டர் மலிவு. குளிர் நாடுகளில் தொடக்க ஆட்டக்காரர்கள் அதை வாங்கிய காலம் நீண்டது. தாம்பரத்தில் அந்த அறிவுரை செல்லாமல் போவதற்குக் காரணம் 31 டிகிரி என்ற ஓர் எண்.

சிலிண்டருக்குள் கார்பன் டைஆக்சைடு பெரும்பாலும் திரவமாக இருக்கும். மேலே அதன் ஆவி. ஆவியின் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. 20 டிகிரியில் 57 பார்; 30 டிகிரியில் 72 பார். பத்து டிகிரி கூடினால் அழுத்தம் கால் பங்கு கூடிவிடுகிறது, குண்டின் வேகமும் கூடவே ஏறப் பார்க்கும். காலை ஏழு மணிக்குக் குரோனோகிராஃபில் சரியாக இருந்த மார்க்கர் பதினொரு மணிக்கு வரம்பைத் தாண்டலாம். இதற்கு மேல் நடப்பதை பெல்ஃபாஸ்ட்டில் ஆய்வு செய்த தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் உலகுக்குச் சொன்னார். கார்பன் டைஆக்சைடு ஏறக்குறைய 31 டிகிரியைக் கடந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்து ஒரே பாய்மமாகிவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி, பகல் வெப்பம் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது.

எல்லையைத் தாண்டிய பிறகு அழுத்தம் செங்குத்தாக ஏறும். முறையாக நிரப்பிய சிலிண்டரிலேயே 50 டிகிரியில் ஏறக்குறைய 140 பார் இருக்கும். ஜிஎஸ்டி சாலையோரம் வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் 50 டிகிரி எளிதில் வந்துவிடும். கொஞ்சம் அதிகமாக நிரப்பியிருந்தால் சிலிண்டரின் பாதுகாப்புத் தகடு கிழிந்து வாயு முழுவதும் சீறி வெளியேறும். தகடு அதற்காகவே வைக்கப்பட்டது. அது கிழிவது சிலிண்டர் வெடிப்பதைவிட மேல். மாறாக, வேகமாகத் தொடர்ந்து சுட்டால் திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ள, சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் சரியும். குண்டு பாதியில் விழும். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு தொல்லையும் வரும்.

அழுத்திய காற்று இப்படி நிலை மாறுவதில்லை. 200 அல்லது 300 பாரில் அடைத்த சாதாரணக் காற்று, 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனாலும் அழுத்தம் ஏழு விழுக்காடு அளவே கூடும். சிலிண்டரின் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் அந்த மாற்றத்தையும் மறைத்து, மார்க்கருக்கு எப்போதும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். விலை அதிகம், நிரப்ப உயர் அழுத்தக் கம்ப்ரஸர் வேண்டும், பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் பக்கத்தில்கூட வராது. அதனால் இது ஆட்டக்காரர் சொந்தமாக வைத்திருக்க வேண்டிய பொருளல்ல, மைதானம் தர வேண்டிய வசதி. மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று: கார்பன் டைஆக்சைடா, காற்றா?

உடைக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை, தடித்த பேன்ட், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தளர்ந்த துணி குண்டின் அடியைச் சற்றே வாங்கிக்கொள்ளும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஜீன்ஸும் முட்டிக்காப்பும் தேடலாம். மணலிலும் சவுக்குச் சருகிலும் வழுக்காத, பிடிமானம் உள்ள கால்பந்து ஷூ பழையதாக இருந்தாலும் போதும். கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும் என்பதால் தவிர்க்கலாம். தண்ணீரை மட்டும் தாராளமாக எடுத்துப் போக வேண்டும். முகமூடிக்குள் வியர்ப்பது வெளியே தெரியாது.

இப்படிப் பார்த்தால், முதல் ஆட்டங்களுக்குச் சொந்தமாக வாங்க வேண்டியது முகமூடி ஒன்றுதான். மார்க்கரும் சிலிண்டரும் வாடகை. குண்டு அன்றைக்கு உண்டானது. வாடகைக் கருவியிலும் சோதிக்கச் சில உண்டு: விசைப்பூட்டு வேலை செய்கிறதா, குழல் வாயை மூடும் துணி உறை இருக்கிறதா, அன்று காலை வேகம் அளந்தார்களா. அளக்கவில்லை என்று தெரிந்தால் அங்கே ஆடக் கூடாது.

பல மாதங்கள் ஆடிய பிறகும் சொந்த மார்க்கர் ஆசை விடவில்லையென்றால், சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் காற்று ஆயுதங்களை 20 ஜூல் ஆற்றல், 0.177 அங்குலக் குழல் விட்டம் என்ற இரண்டு அளவுகளால் பிரிக்கின்றன. பெயின்ட்பாலின் ஆற்றல் முதல் அளவுக்குள் அடங்கும். குழல் அகலம் இரண்டாவதை வெகுவாகத் தாண்டும். வெளிநாட்டுத் தளத்தில் பணம் கட்டிவிட்டுப் பிறகு யோசிப்பதற்குப் பதிலாக, 2022இல் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகத்தில் உரிமம் பற்றி முன்னதாகவே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சிலிண்டர் தனி விஷயம். அதை ஆள்வது 2016இன் வாயு சிலிண்டர் விதிகள். ஒப்புதல் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஒப்புதல் முத்திரையும் நீரழுத்தச் சோதனைத் தேதியும் இல்லாத சிலிண்டரை எந்த விலைக்கும் தொடக் கூடாது.

கொண்டுபோவதற்கும் முறை உண்டு. மார்க்கர் பார்வைக்கு நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் என்பதால் பேருந்திலும் தெருவிலும் அதை வெளியே தெரியாத பையில், குழல் உறையோடு, குண்டுகளை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். வாயு நிரம்பிய சிலிண்டரைத் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் ஏற்ற ரயில்வே விதிகள் இடம் தருவதில்லை. அதை மைதானத்திலேயே எடுத்து மைதானத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.